வாசகர் கேள்வி பதில்: பனியாறு வளர்கிறதா, தேய்கிறதா?

போன இதழில் கிரீன்லாந்துப் பனியாறுகளைப் பற்றி நாலே நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகள் ராசிபலன் பக்கத்துக்கு வருவதைவிட அதிகம் என்கிறார்கள் அலுவலகத்தில். கோலாலம்பூரில் மத்தியான வெயிலில் வெந்துகொண்டு இருக்கிற நமக்குப் பனி மேல் இவ்வளவு ஆசையா என்று யோசித்தேன், ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள். அதனால் இந்த மாதம் முழுக்கப் பனிதான். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் ஒரு செய்தி அனுப்பினார். கிரீன்லாந்தின் பெரிய பனியாறு மறுபடி வளர ஆரம்பித்துவிட்டது, நாசாவே ஒத்துக்கொண்டது, பூமி சூடாகிறது என்பதெல்லாம் புருடா என்று அதில் இருக்கிறது. அவர் படித்தவர், சும்மா அனுப்புகிறவர் இல்லை. உண்மையா?
— வாசகர், பாகான் டாலாம், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் மைத்துனர் அனுப்பியதில் முதல் பாதி உண்மை. இந்த மாதிரிச் செய்திகள் ஊர் சுற்றுவதே அதனால்தான், முழுப் பொய்யாக இருந்தால் யாராவது ஒருவர் அன்றைக்கே பிடித்திருப்பார்.

அந்தப் பனியாற்றின் பெயர் யாக்கோப்ஷாவ்ன், கிரீன்லாந்து மக்கள் செர்மெக் குயாலெக் என்கிறார்கள். மேற்குக் கரையில் இலுலிசாட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியில் பனி சில இடங்களில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாகக் கிடக்கிறது, அது தன் பாரத்திலேயே அமுங்கி மெல்ல மெல்ல ஓரங்களை நோக்கி நகரும், ஓரத்தில் மலைகள் மறிக்கும், மலைகளுக்கு இடையில் சந்து கிடைத்த இடத்தில் வேகமெடுத்துக் கடலுக்குள் இறங்கும். அப்படி இறங்குகிறவற்றைத்தான் நான் போன இதழில் வடிகால் பனியாறு என்று எழுதினேன். கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் ஏறக்குறைய 6, 7 சதவீதத்தை இந்த ஒரே பனியாறு வடிக்கிறது.

1850 வாக்கிலிருந்தே இதன் முகப்பு, அதாவது கடலைப் பார்த்து நிற்கும் பனி விளிம்பு, எங்கே நிற்கிறது என்பதற்குக் குறிப்புகள் உண்டு. அன்றிலிருந்து சுமார் நூறு ஆண்டுகளில் முகப்பு 25 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது. அப்புறம் ஒரு ஐம்பது ஆண்டு, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. அந்தச் சமயத்தில் யாராவது போய் அளந்திருந்தால், இது சாதுவான பனியாறு, கவலை வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பார். 1990களின் கடைசியில் திடீரென்று முகப்புக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்த பனி நாக்கு உடைய ஆரம்பித்து, 2003க்குள் அநேகமாக முழுக்கப் போய்விட்டது. அது போனதும் பின்னால் இருந்த பனியைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. ஆண்டுக்கு 6 கிலோமீட்டர்போல நகர்ந்துகொண்டிருந்தது 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2012 கோடையில் ஒரு நாளைக்கு 46 மீட்டர் வரை போனது. 2000க்கும் 2010க்கும் இடையில் உலகக் கடல்மட்டத்தில் சுமார் 1 மில்லிமீட்டரை இந்த ஒரு பனியாறே ஏற்றிவிட்டது.

சரி, ஏன் உடைந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. கிரீன்லாந்தில் மீன்வளத்துக்காரர்கள் இறால், மீன் கணக்கெடுக்க ஆண்டுதோறும் கடலடியில் இழுவலை போட்டு இழுப்பார்கள், வலையோடு ஒரு வெப்பமானியும் போகும். யாரும் பனியாற்றை நினைத்து அதைக் கட்டவில்லை. ஆனால் டேவிட் ஹாலண்ட் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் பின்னாளில் அந்த எண்களை எடுத்துப் பார்த்தபோது, 1997 வாக்கில் ஆழத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே நுழைந்தது அப்படியே பதிவாகி இருந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வந்த தண்ணீர். பனியாற்றின் அடிவயிற்றைச் சுட்டது அதுதான்.

இப்போது உங்கள் மைத்துனரின் செய்திக்கு வருகிறேன். 2016 முதல் சில ஆண்டுகள் பனியாற்றுக்கு முன்னால் உள்ள வளைகுடாவில் தண்ணீர் குளிர்ந்தது, 1980களின் நடுவில் இருந்த அளவுக்குப் போனது. பனியாறு வேகம் குறைந்தது, முகப்புப் பக்கம் ஆண்டுக்கு 20லிருந்து 30 மீட்டர் தடித்தது, முன்னாலும் வந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நாசாவின் ஆராய்ச்சிக் குழுதான், 2019இல். ஒத்துக்கொண்டது என்று எழுதுவது என்ன நியாயம், யாரும் கேட்காமலே அவர்கள்தான் முதலில் சொன்னார்கள். அதே அறிக்கையில் இன்னொன்றும் சொன்னார்கள், அதை வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் வசதியாக விட்டுவிட்டார்: முகப்பு முன்னால் வந்த அந்த ஆண்டுகளிலும், மேலே பெய்த பனியைவிடக் கடலுக்குள் போன பனிதான் அதிகம். செலவு கொஞ்சம் குறைந்தது, வரவு இன்னும் செலவை எட்டவில்லை.

கடல் தண்ணீர் குளிர்ந்தால் பனியாறு முன்னால் வருகிறது, சூடானால் பின்னால் போகிறது என்றால், கடலுக்கும் பனிக்கும் எவ்வளவு நெருங்கிய சம்பந்தம் என்பதைத்தான் அது காட்டுகிறது. மைத்துனர் செய்தி எந்தப் பக்கம் இழுத்ததோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம். குழுவில் சண்டை வேண்டாம், இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இதையெல்லாம் யார் அளந்தார்கள்? இன்றைக்கு எப்படி அளக்கிறார்கள்? என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லும் மாதிரி எழுதினால் உதவியாக இருக்கும்.
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செந்தூல்

பதில்: டீச்சர், உங்கள் மாணவர்களுக்கு ஐஸ்லாந்துக் கதையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அதில் அவர்கள் வயதுப் பிள்ளைகளே வருகிறார்கள்.

ஐஸ்லாந்தில் 1930இல் யோன் எய்தோர்சன் என்ற வானிலை விஞ்ஞானி ஒரு வேலையைத் தொடங்கினார். பனியாற்றின் முன்னால் தரையில் அடையாளம் வைப்பது, ஆண்டுக்கு ஒரு முறை, கோடை முடிந்து பனி அதிகபட்சம் உருகி நிற்கும் நேரத்தில், அங்கிருந்து பனி விளிம்பு வரை அளப்பது. அவ்வளவுதான். அளந்தவர்களில் பலர் அந்தப் பனியாற்றின் அடிவாரத்தில் ஆடு மேய்த்த விவசாயிகள். பல இடங்களில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்று அது தொடர்ந்தது. 1950இல் தொடங்கிய ஐஸ்லாந்துப் பனியியல் சங்கம் அதை எடுத்து நடத்துகிறது, இன்றைக்கும் பெரும்பாலும் தொண்டர்கள்தான்.

தெற்கே சோல்ஹைமயோகுல் என்று ஒரு பனியாறு, ஒரு பெரிய பனிமூடியிலிருந்து இறங்குகிற வடிகால். 1930களில் அளக்க ஆரம்பித்ததிலிருந்து பின்வாங்கிக்கொண்டே போனது. 1969 வாக்கில் திரும்பி, 1995 வரை ஏறக்குறைய 500 மீட்டர் முன்னால் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் போய்விட்டது. 2010லிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் போய் இதை அளக்கிறார்கள். முதலில் நடந்தே பனி விளிம்புக்குப் போனார்கள், இப்போது விளிம்புக்கு முன்னால் ஏரி உருவாகிவிட்டதால் படகு வேண்டியிருக்கிறது. உங்கள் ஆறாம் ஆண்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, 1970இல் ஆரம்பித்து 1990இல் நிறுத்தியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் ரோன் பனியாற்றை 1874லிருந்து முறையாக அளந்தார்கள். 1894இல் சூரிச்சில் நடந்த நிலவியல் மாநாட்டில் பல நாடுகளும் சேர்ந்து பனியாறுகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்தன, அதற்குத் தலைவர் ஃபோரெல் என்ற சுவிஸ் அறிஞர். அந்த வேலையின் வாரிசு இன்றும் சூரிச்சிலேயே உலகப் பனியாறு கண்காணிப்பு மையமாக நடக்கிறது.

கிரீன்லாந்து விஷயம் வேறு. அங்கே அடிவாரத்தில் விவசாயி கிடையாது. மாலுமிகள் வரைந்த படம், ஆய்வாளர் எழுதிய குறிப்பு, பழைய புகைப்படம், இவைதான் கதி. 1933இல் டென்மார்க் நாட்டுக்காரர்கள், க்னூட் ராஸ்முசன் தலைமையில் போன பயணத்தில், வரைபடம் தயாரிப்பதற்காகக் கடல் விமானத்திலிருந்து தென்கிழக்குக் கிரீன்லாந்துக் கரையைப் படம் எடுத்தார்கள். வரைபட வேலை முடிந்ததும் படங்கள் மூட்டை கட்டப்பட்டு ஏதோ ஒரு கிடங்கில் பல பத்தாண்டுகள் கிடந்தன. அவற்றைத் தோண்டியெடுத்து 2012இல் ஒரு டென்மார்க் குழு வெளியிட்ட ஆய்வு பல பேரை நிமிர வைத்தது, ஏனென்றால் 1930களில் ஒரு சூடான காலம் வந்தபோதும் பனியாறுகள் வேகமாகப் பின்வாங்கியிருக்கின்றன, பிறகு குளிர்ந்தபோது பல திரும்பி முன்னேறியிருக்கின்றன, 2000க்குப் பிறகு மறுபடி ஓட்டம். கடலில் முடிகிற பனியாறுகள் மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த முறை ஓட்டம் இன்னும் வேகம். வெறும் செயற்கைக்கோள் காலத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த நடுக்கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

செயற்கைக்கோள் என்றால் 1972இல் முதல் லேண்ட்சாட். அதற்கு முன் அமெரிக்கா உளவு பார்க்க அனுப்பிய கொரோனா செயற்கைக்கோள் படங்களும் 1995இல் ரகசியம் நீக்கப்பட்டு ஆராய்ச்சிக்குக் கிடைத்தன. பெயரைப் பார்த்து வேறு எதையும் நினைத்துவிடாதீர்கள், அது 1960களின் பெயர். ஒளிப்படத்துக்கு இரண்டு இடைஞ்சல்: மேகம் மறைக்கும், துருவத்தில் குளிர்காலம் முழுக்க இருட்டு. ரேடாருக்கு இரண்டும் பொருட்டில்லை, 2014லிருந்து ஐரோப்பாவின் சென்டினல் 1 அந்த வேலையைச் செய்கிறது.

இனி படத்தை வைத்து அளப்பது எப்படி? முகப்பு நேர்க்கோடாக இருக்காது, நடுவில் குழிந்து, ஓரத்தில் துருத்தி, பல்லுப் போன சீப்பு மாதிரி இருக்கும். நடுக்கோட்டில் மட்டும் அளந்தால் அந்த ஒரு இடத்தில் நேற்று ஒரு துண்டு விழுந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் பனியாற்றின் அகலத்துக்கு ஒரு பெட்டி வரைவார்கள், பெட்டியின் பின்சுவர் பனி மேல் ஒரு நிலையான கோடு, முன்சுவர் முகப்பின் வளைவு. பெட்டிக்குள் இருக்கும் பரப்பைக் கணக்கிட்டு அகலத்தால் வகுத்தால் சராசரி நீளம் கிடைக்கும். அடுத்த படத்திலும் அதே பெட்டி, அதே பின்சுவர். ஆறாம் ஆண்டுக் கணிதத்துக்கு இது சரியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்த வளைவை வரைவது ரொம்ப நாள் கைவேலையாகவே இருந்தது. மாணவர்கள் திரை முன் உட்கார்ந்து சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் கோடு போடுவார்கள். ஒரே படத்தில் இரண்டு பேர் போட்ட கோடு ஒத்துப்போகாது, ஏனென்றால் குளிர்காலத்தில் முகப்புக்கு முன்னால் உடைந்த பனித் துண்டுகளும் உறைந்த கடலும் சேர்ந்து நிற்கும், பனியாறு எங்கே முடிகிறது, குப்பைப் பனி எங்கே தொடங்குகிறது என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. இப்போது கணினிக்குக் கற்றுக்கொடுத்து அதையே வரையச் சொல்கிறார்கள். 2024இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அப்படிக் கிடைத்தவற்றையும் கையால் வரைந்தவற்றையும் சேர்த்து 2 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேலான முகப்பு நிலைகளைப் பயன்படுத்தியது. 1985லிருந்து 207 பனியாறுகள். அவற்றில் 179 கணிசமாகப் பின்வாங்கியிருந்தன, 27 நின்ற இடத்தில் நின்றன, ஒன்றே ஒன்று கொஞ்சம் முன்னேறியது. போன பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். செபராங் பிறையையும் சேர்த்த நம் பினாங்கு மாநிலம்போலக் கிட்டத்தட்ட ஐந்து.

கேள்வி: ஒரு பனியாற்றிலிருந்து ஒரு நகரமே உடைந்து மிதந்து போனது என்று செய்தியில் பார்த்தேன். அப்படி ஒன்று உடைந்தால் கடல் எவ்வளவு உயரும்?
— வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: அநேகமாக ஒன்றும் உயராது. நீங்கள் பார்த்தது கிரீன்லாந்தின் வடக்கே பீட்டர்மன் பனியாறாக இருக்கலாம். 2010 ஆகஸ்டில் அதிலிருந்து கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் அளவுக்கு ஒரு துண்டு கழன்றது, 2012இல் அதில் பாதி அளவுக்கு இன்னொன்று. அந்தத் துண்டுகள் உடைவதற்கு முன்பே மிதந்துகொண்டுதான் இருந்தன. தே ஓ ஐஸ் கண்ணாடியில் மிதக்கும் கட்டி கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறுவதில்லையே, அந்தக் கணக்குத்தான்.

ஆனால் யாக்கோப்ஷாவ்னில் பார்த்தோமே, மிதக்கிற பனி போனால் பின்னால் தரைமேல் உட்கார்ந்திருக்கும் பனி வேகமெடுக்கும், அந்தப் பனி கடலுக்கு வரும்போதுதான் மட்டம் ஏறும். அதனால் அண்டார்டிகாவில் முகப்பைவிட முக்கியமாக வேறொரு கோட்டைப் பார்க்கிறார்கள், பனி தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் கோடு. கடல் ஏறி இறங்கும்போது மிதக்கும் பகுதி மட்டும் கூடவே ஏறி இறங்கும், ரேடாரில் அது தெரியும், கோடு அங்கேதான் என்று கண்டுபிடித்துவிடலாம். பைன் ஐலண்ட் பனியாற்றில் அந்தக் கோடு 1992க்கும் 2011க்கும் நடுவில் 31 கிலோமீட்டர் உள்ளே போனது. மேலே இருந்து முகப்பை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் காலத்தில் பெரிதாக ஒன்றும் நடந்த மாதிரித் தெரிந்திருக்காது.

கேள்வி: உலகத்தில் ஒரு பனியாறுகூட வளரவில்லையா? எல்லாமே சோகக் கதைதானா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஆயர் ஈத்தாம்

பதில்: வளர்கிறது ஐயா. அலாஸ்காவில் ஹப்பர்ட் என்று ஒன்று, 1895இல் முதலில் அளந்ததிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக முன்னேறிக்கொண்டே வந்தது. 1986இலும் 2002இலும் அது முன்னால் வந்து பக்கத்தில் ரசல் ஃபியோர்டு என்ற, மலைகளுக்கு நடுவே நீளும் கடல் கால்வாயின் வாயையே அடைத்துவிட்டது, உள்ளே தண்ணீர் ஏறி ஏறி, கடைசியில் அணை உடைந்த மாதிரிக் கொட்டியது. அதே அலாஸ்காவில், ரொம்ப தூரத்தில் இல்லாத கொலம்பியா பனியாறு 1980 வாக்கில் பின்வாங்கத் தொடங்கி 20 கிலோமீட்டருக்கும் மேல் போய்விட்டது. ஒரே மாநிலம், ஒரே மாதிரி வானிலை.

வித்தியாசம் கீழே இருக்கிறது. கடலில் முடிகிற பனியாறு தான் அரைத்துக் கொண்டுவந்த மண்ணையும் கல்லையும் முகப்பின் அடியில் மேடாகக் குவித்து, அந்த மேட்டில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். மேட்டிலிருந்து ஒரு தடவை கால் வழுக்கிப் பின்னால் இருக்கும் ஆழத்துக்குள் போய்விட்டால் பிறகு நிற்க இடம் கிடைக்காமல் பல பத்தாண்டு பின்வாங்கும். அதனால் ஒற்றைப் பனியாற்றை வைத்து உலக வானிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சரி, வம்பு. இருநூறு முந்நூறு பனியாறுகளை நாற்பது ஐம்பது ஆண்டு பார்த்து, பெரும்பான்மை ஒரே பக்கம் போகும்போது பேசலாம்.

நார்வேயில் 1990களில் பிரிக்ஸ்டால் பனியாறு நல்ல குளிர்காலப் பனிப்பொழிவால் கிடுகிடுவென முன்னேறியது, சுற்றுலாக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் பத்தாண்டு நிலைக்கவில்லை.

கேள்வி: கங்கோத்ரியும் நீங்கள் சொல்லும் வடிகால் பனியாறு வகைதானா? அடுத்த ஆண்டு குடும்பத்தோடு யாத்திரை போகலாம் என்று இருக்கிறோம்.
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இல்லை அம்மா, அது மலைப் பள்ளத்தாக்குப் பனியாறு, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நீளம், பின்னால் பெரிய பனிப்பரப்பு எதுவும் கிடையாது, கடலையும் பார்ப்பதில்லை. ஆனால் கண்காணிப்பில் அதற்கும் நீண்ட வரலாறு உண்டு. கோமுகத்தில் பனி நுனி எங்கே நிற்கிறது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் 1935இலேயே வரைபடம் போட்டார், அதிலிருந்து பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. யாத்திரை நன்றாக அமையட்டும், கோமுகம் வரை போக அனுமதிச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் கர்னி டிரைவ் பக்கம் இருக்கிறோம். கிரீன்லாந்து எங்கே, பினாங்கு எங்கே? அவ்வளவு தூரத்தில் உருகுவது இங்கே வருவதற்குள் சமமாகப் பரவி ஒன்றும் இல்லாமல் போய்விடாதா?
— வாசகர், பினாங்கு

பதில்: சமமாகப் பரவாது, அதுதான் விசேஷம், தூரம் நமக்குச் சாதகமும் இல்லை. கிரீன்லாந்துப் பனிக்கு இருக்கும் எடையால் அது பக்கத்துக் கடல் தண்ணீரைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும், அங்கே சேர்ந்திருந்த தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடும். கூடவே பாரம் குறைந்த தரையும் அங்கே மேலே எழும்பும். இதனால் கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல்மட்டம் இறங்கும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறும். உருக்குகிறவர் ஒருவர், தண்ணீர் வாங்குகிறவர் இன்னொருவர்.

அளவு என்ன என்றால், 2002லிருந்து 2017 வரை கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2018லிருந்து அவற்றின் வாரிசான இன்னொரு ஜோடியும் புவியீர்ப்பின் மாற்றத்தை வைத்து கிரீன்லாந்தை எடை போட்டு வருகின்றன, சராசரியாக ஆண்டுக்கு சுமார் 270 பில்லியன் டன் பனி குறைகிறது. 360 பில்லியன் டன் போனால் உலகக் கடல் 1 மில்லிமீட்டர் ஏறும். அதாவது கிரீன்லாந்தின் பங்கு ஆண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர்போல. சின்ன எண்தான், நான் பயமுறுத்த விரும்பவில்லை, நாளைக்கே உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் கடல் வந்துவிடாது. ஆனால் கடல் சூடாகி விரிவதும், மற்ற பனியாறுகளும், அண்டார்டிகாவும் சேர்ந்து 1993லிருந்து உலகச் சராசரி 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது, ஏறும் வேகமும் அன்றைக்கு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. கடலேற்றமும் பலத்த மழையும் ஒரே நாளில் வந்தால் வெல்ட் கீ பக்கம் சாக்கடைத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது என்பது பினாங்குக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாளில் 10 சென்டிமீட்டர் சின்ன அளவு இல்லை.

கேள்வி: நமக்குப் பக்கத்தில் பனியாறு உண்டா?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: இந்தோனேசியப் பப்புவாவில் புன்சாக் ஜெயா மலை உச்சியில் கடைசிச் சில்லறை இருக்கிறது. 2010இல் ஆராய்ச்சியாளர்கள் துளை போட்டபோது 32 மீட்டர் தடிமன் இருந்தது, அதற்குப் பிறகு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. பனியுகத்தில் நம் சபாவின் கினாபாலு உச்சியிலும் பனி இருந்தது, அங்கே ஏறிப் பார்த்தவர்கள் பாறை மழமழவென்று இழைத்த மாதிரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அது பனி உரசிய வேலை.

கேள்வி: மலேசியா இதில் ஏதாவது செய்கிறதா, இல்லை வேடிக்கைதானா?
— வாசகர், கெப்போங்

பதில்: செய்கிறது. 1982இல் ஐக்கிய நாடுகள் சபையில் அப்போதைய பிரதமர் மகாதீர் அண்டார்டிகா சில பணக்கார நாடுகளின் சொத்து இல்லை என்று கிளப்பினார், அந்தக் காலத்தில் பலர் சிரித்தார்கள். 2002இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் வந்தது, 2011இல் மலேசியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் நுண்ணுயிர்கள், வளிமண்டலம் என்று பல துறைகளில் வேலை செய்கிறார்கள். குளிர்ப் பிரதேச ஆராய்ச்சி குளிர்ப் பிரதேசத்தார் விவகாரம் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. தண்ணீர் வாங்கப்போகிறவர் கணக்கைப் பார்க்க உரிமை உள்ளவர்தானே.

கேள்வி: நான் படிவம் நான்கு படிக்கிறேன். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி மட்டும் இருக்கிறது. வீட்டிலிருந்தே ஒரு பனியாற்றை நானாக அளக்க முடியுமா? அறிவியல் கண்காட்சிக்கு வேண்டும்.
— மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக முடியும் தம்பி. லேண்ட்சாட் படங்கள் 2008லிருந்து எல்லாருக்கும் இலவசம், சென்டினல் படங்களும் அப்படித்தான். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தைத் திற, மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கு, கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பழைய மடிக்கணினி போதும். இலுலிசாட் என்று தேடு, அந்த ஊருக்குக் கிழக்கே நீண்ட வெள்ளைக் கால்வாய் மாதிரி தெரிவதுதான் பனித் துண்டுகள் அடைந்த ஃபியோர்டு, அதன் உள்முனையில் முகப்பு. முதலில் கண்ணுக்குப் பிடிபடாது, எல்லாம் வெள்ளை. பெரிதாக்கினால் பனியாற்றின் மேல் குறுக்கு வெடிப்புகள் வரிவரியாக ஒழுங்காக இருக்கும், அந்த ஒழுங்கு குலைந்து துண்டுதுண்டாகக் கலைந்து கிடக்கத் தொடங்கும் இடம்தான் முகப்பு.

மேகமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடு. சென்டினல் 2 படம் 2015லிருந்து இருக்கிறது, ஆண்டுக்கு ஒன்று எடுத்தாலே உனக்கு நல்ல வரிசை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் முகப்பைச் சுற்றி, மேலே டீச்சருக்குச் சொன்ன பெட்டியை வரை, அந்தத் தளத்திலேயே பரப்பளக்கும் கருவி இருக்கிறது. பெட்டியின் பின் மூலைகளின் ஆயத்தொலைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள், இல்லையென்றால் இரண்டாம் படத்திலேயே பெட்டி நகர்ந்துவிடும். ஒரே படத்தை மூன்று தடவை வரைந்து பார், மூன்று விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் பிழை, அதையும் அட்டையில் போடு, நடுவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்துவிடாதே. மார்ச் படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதே. குளிர்காலத்தில் உறைந்த பனித் துண்டுகள் முட்டுக்கொடுப்பதால் முகப்பு முன்னால் வரும், கோடையில் உடைந்து பின்னால் போகும், யாக்கோப்ஷாவ்னில் ஒரே ஆண்டுக்குள் அந்த ஆட்டம் சில கிலோமீட்டர். ஆகஸ்ட் என்றால் எல்லா ஆண்டும் ஆகஸ்ட், முடிந்தால் அதே வாரம். 2016க்குப் பிறகு உன் வரைபடம் கொஞ்சம் முன்னால் வளையும், அங்கே நிறுத்தாமல் கடைசியாகக் கிடைக்கும் ஆண்டு வரை போ. எண்கள் கிடைத்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, இடமிருந்தால் இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.